மலை ஏற்றத்துக்கு எந்தக் கியர்? பெங்களூருவில் சைக்கிள் வாங்குவோருக்கு ஒரு கணக்கு

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கியர்?" என்பதுதான். கடைக்காரரும் அதற்கென்றே காத்திருந்தவர்போல இருபத்தொன்று, இருபத்து நான்கு, இருபத்தேழு என்று விலையோடு சேர்த்து அடுக்குவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நந்தி மலையின் பாதி வழியில் நின்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களின் வண்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அங்கேயும் இருபத்தொரு கியர் வண்டிகளுக்குப் பஞ்சமிருக்காது. ஏற்றத்தில் காலுக்குக் கைகொடுப்பது ஒரே ஒரு கியர்: இருப்பதிலேயே இலகுவான கடைசிக் கியர். மற்ற இருபதும் அந்த நேரத்தில் வெறும் சுமை.

அந்தக் கடைசிக் கியர் எவ்வளவு இலகுவானது என்று கண்டுபிடிப்பது, உங்கள் காலுக்கும் நீங்கள் ஏறப்போகும் மலைக்கும் அது போதுமா என்று பார்ப்பது, போதவில்லையென்றால் குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது ஆகிய மூன்றும்தான் இங்கே விஷயம். அல்சூரிலோ லிங்கராஜபுரத்திலோ எலக்ட்ரானிக் சிட்டியின் அடுக்ககம் ஒன்றிலோ இருந்துகொண்டு, முதல்முறையாக மலைச் சைக்கிள் வாங்க நினைப்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டு மூச்சிரைப்பவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் பல்லை எண்ணுங்கள்

மிதியோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல்சக்கரத்தைச் செயின் வீல் என்போம். ஒன்று, இரண்டு அல்லது மூன்று இருக்கும். பின் சக்கரத்தின் நடுவில் அடுக்காக இருப்பவை பின் பல்சக்கரங்கள். முன்னால் இருப்பதிலேயே சிறியதன் பல் எண்ணிக்கையை, பின்னால் இருப்பதிலேயே பெரியதன் பல் எண்ணிக்கையால் வகுங்கள். வரும் எண் எவ்வளவு சிறியதோ, ஏற்றம் அவ்வளவு இலகு.

பல செயின் வீல்களிலும் பின் பல்சக்கரங்களிலும் எண் பொறித்தே இருக்கும். செயின் வீலின் முகப்பில் 24 என்றோ 32 என்றோ பார்க்கலாம். பின்னால் பெரிய பல்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்குக்குள் ஒளிந்திருக்கும். பழைய துணியால் துடைத்தால் தெரியும். தெரியாவிட்டால் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு பல்லின் நுனியில் சாக்பீஸால் வெள்ளை வைத்துவிட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளி எண்ணுங்கள். கடைக்காரரின் வாய்க்கணக்கை நம்ப வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதேயில்லை.

அல்சூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், தமிழர், ஏற்றத்தில் வண்டி கனமாக இருக்கிறது என்று யார் வந்து நின்றாலும் ஒரே பதில்தான் சொல்வார்: "சார், எத்தனை கியர் என்று சொல்லாதீர்கள். முன்னால் சின்னது எத்தனை பல், பின்னால் பெரியது எத்தனை பல், அதைச் சொல்லுங்கள்." இந்த இரண்டு எண்களையும் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிப் பேச்சு மிச்சம்.

வழக்கமாகக் கண்ணில் படும் சில கூட்டுகளுக்கு விடை இப்படி வரும்:

முன் 28, பின் 28: 1.00. ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில் இதுதான்.
முன் 24, பின் 28: 0.86. தொடக்க விலை மலைச் சைக்கிள்களில் மிகப் பரவலானது.
முன் 32, பின் 42: 0.76.
முன் 24, பின் 34: 0.71.
முன் 32, பின் 46: 0.70.
முன் 22, பின் 34: 0.65.
முன் 32, பின் 51: 0.63.
முன் 30, பின் 51: 0.59.

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்று செயின் வீலும் எட்டுப் பின் பல்சக்கரமும் உள்ள வண்டியின் 22க்கு 34, இன்றைய நாகரிகமான பன்னிரண்டு கியர் வண்டியின் 32க்கு 51 ஆகிய இரண்டும் ஏற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சக்கரத்தின் அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.29 மீட்டர் ஓடும், 27.5 அங்குலம் சுமார் 2.19 மீட்டர், பழைய 26 அங்குலம் சுமார் 2.07 மீட்டர். டயரின் தடிப்பைப் பொறுத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். பெரிய சக்கரத்தில் அதே பல் கூட்டு சற்றுக் கனமாகவே இருக்கும். ஆகவே 27.5 அங்குல வண்டியில் 0.65 தரும் சுகத்தை 29 அங்குல வண்டியில் பெற வேண்டுமானால் 0.62 தேவை. கல், குழி, வேர் ஆகியவற்றின்மேல் உருள்வதற்குப் பெரிய சக்கரம் நல்லது என்பது உண்மைதான். அந்த நன்மைக்கு ஏற்றத்தில் கொஞ்சம் கப்பம் கட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் காலுக்கு எவ்வளவு தேவை?

100 மீட்டர் தூரம் போவதற்குள் 10 மீட்டர் உயர்ந்தால் அது பத்து சதவீத ஏற்றம். 70 கிலோ எடையுள்ள ஒருவர், தண்ணீர் பாட்டில் உட்பட 15 கிலோ வண்டியில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் பயிற்சி செய்யாத, ஆனால் நோஞ்சானும் இல்லாத இவர் அரை மணி நேரம் தொடர்ந்து 140 வாட் அளவுக்கு மிதிப்பார் என்றும் வைத்துக்கொள்வோம். தார்ச் சாலையில் ஆறு சதவீத ஏற்றத்தில் இவர் மணிக்கு எட்டரை கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். பத்து சதவீதத்தில் அது ஐந்தரையாகிவிடும். பதினைந்து சதவீதத்தில் நான்குக்கும் கீழே போய்விடும்.

இந்த வேகத்தை மாற்ற எந்தக் கியராலும் முடியாது. அதைத் தீர்மானிப்பவை எடையும் உடல் வலுவும் சரிவும். கியர் தீர்மானிப்பது அந்த வேகத்தில் கால் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை மட்டும். நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று மிதித்தால் முழங்கால் தப்பிக்கும், மூச்சும் ஒரு சீருக்கு வரும். 50க்குக் கீழே போனால் ஒவ்வொரு மிதியும் உடல் எடை முழுவதையும் கேட்கும். தொடை சீக்கிரம் கல்லாகிவிடும், மறுநாள் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்.

நம் ஆளை 27.5 அங்குல வண்டியில், 24க்கு 28 கியரில், பத்து சதவீத ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 1.88 மீட்டர் நகர்கிறது. மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 49 சுற்று. திணறல் இங்கேதான் தொடங்குகிறது. பின்னாலும் முன்னாலும் மாற்றி 22க்கு 34 ஆக்கினால் ஒரு சுற்றுக்கு 1.42 மீட்டர், அதே வேகத்தில் நிமிடத்துக்கு 65 சுற்று. ஆள் அதே ஆள், மலை அதே மலை. இப்போது இறங்கித் தள்ளாமல் மேலே போய்ச் சேர்வார்.

அதே 24க்கு 28 கியரோடு ஆறு சதவீத ஏற்றத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 75 சுற்று வரும். நன்றாகவே போகும். அப்படியானால் எல்லோருக்கும் பெரிய கேசட், அதாவது பெரிய பின் பல்சக்கர அடுக்கு, தேவையில்லையே என்று கேட்டால், ஆமாம், தேவையில்லை. போகும் இடத்தைப் பொறுத்தது.

எடை 85, 90 கிலோ என்று போகிறவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள், முதுகில் பையோடு போக விரும்புகிறவர்கள் ஆகியோர் தயக்கமில்லாமல் 0.60 பக்கம் இறங்குங்கள். இலகுவான கியர் வைத்திருப்பது ஆண்மைக் குறைவு என்பதுபோலச் சில குழுக்களில் ஒரு பேச்சு அடிபடும். அப்படிப் பேசுகிறவர்களில் பலர் முழங்கால் பட்டை போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

கீழே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குக் கீழே வண்டி தள்ளாடத் தொடங்கும். நடந்து போகிறவரும் உங்களோடு பேசிக்கொண்டே வரலாம். அதனால் 0.55க்கும் கீழே தேடிப் போவதில் புதியவருக்குப் பெரிய பயனில்லை.

எந்த மலைக்குப் போகிறீர்கள்?

பெங்களூருவே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர். ஹெப்பாள், எலஹங்கா, தேவனஹள்ளி என்று பல்லாரி சாலையில் போய், அடிவாரத்தில் தொடங்கும் ஏற்றம் சுமார் ஏழரை கிலோமீட்டர். முழுக்கத் தார்ச் சாலை. சராசரி ஐந்தாறு சதவீதம். சராசரி என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். சில இடங்களில் சாலை ஓய்வு கொடுப்பதால்தான் சராசரி குறைகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் சரிவு சட்டென்று கூடும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால், இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் உள்வட்டம் நம் பங்குக்கு வரும். வளைவில் மிகச் செங்குத்தான இடமும் அதுதான். நந்திக்கு மட்டும் போவதாக இருந்தால் 0.75 அளவு போதும். 0.86ஐ வைத்துக்கொண்டும் சமாளிக்கலாம், வளைவுகளில் மட்டும் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும்.

மண் பாதை வேறு கதை. கனகபுரா சாலைக்கு அருகிலுள்ள துரஹள்ளி, எலஹங்காவை அடுத்த அவலஹள்ளி போன்ற காட்டுப் பகுதிகளில் ஏற்றங்கள் நீளமில்லாதவை. ஆனால் பாறைச் சரிவும் உதிரிச் சரளையும் கலந்து, சில மீட்டருக்குப் பதினைந்து, இருபது சதவீதம் என்று எகிறும். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் மண்ணை வாரிவிட்டு வழுக்கும். உட்கார்ந்தபடியே சீராகச் சுற்றுவதுதான் வழி, அதற்கு 0.65க்குக் கீழே ஒரு கியர் இருந்தே ஆக வேண்டும். காட்டுக்குள் போகும் முன் வனத்துறையின் அனுமதி, நேரம் ஆகியவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்; இவை அவ்வப்போது மாறுகின்றன.

நீண்ட விடுமுறையில் ஊர்ப்பக்கம் போகும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கினால் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், முதல் மலைக்கு ஏற்றது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவுகள். கொல்லிமலைக்கு 70. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36. எண்ணிக்கையை வைத்து மலையை எடைபோட்டால் கல்லட்டி கொல்லிமலையைவிட எளிது என்று தோன்றும். அங்கே போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கல்லட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் 0.60 கியரைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

2012ஆம் ஆண்டு ஸ்ராம் நிறுவனம் முன்னால் ஒரே செயின் வீலும் பின்னால் பதினொரு பல்சக்கரமும் உள்ள அமைப்பை மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து முன்பக்க டெரெயிலர், அதாவது செயினை ஒரு செயின் வீலிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பொறி, மெல்ல மறையத் தொடங்கியது. 2016இல் அதே நிறுவனத்தின் ஈகிள் என்ற பன்னிரண்டு கியர் அமைப்பு வந்தபோது பின்னால் பெரியது 50 பல்லாகிவிட்டது. ஷிமானோ நிறுவனத்தின் பன்னிரண்டு கியர் டியோர் அமைப்பு 2020இல் வந்தபோது 10 முதல் 51 பல் வரையிலான கேசட் நடுத்தர விலைக்கு இறங்கியது. இன்று நல்ல மலைச் சைக்கிள் என்றால் ஒற்றைச் செயின் வீல்தான் என்றாகிவிட்டது. அதில் நியாயம் இருக்கிறது: கியர் மாற்ற ஒரே கைப்பிடிப் பொத்தான், செயின் கழல்வது குறைவு, ஏற்றத்தின் நடுவில் முன்னால் மாற்றுவதா பின்னால் மாற்றுவதா என்ற குழப்பம் இல்லை.

ஆனாலும் கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால், மூன்று செயின் வீல் வண்டியைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். 42, 32, 22 பல் செயின் வீலும் 11 முதல் 34 பல் கேசட்டும் உள்ள எட்டு வரிசை வண்டி (பின்னால் எட்டுப் பல்சக்கரம்), பன்னிரண்டு கியர் வண்டியைவிட அகலமான வீச்சு கொண்டது. இன்னொன்று, எட்டு வரிசைச் செயின் ஓசூரிலும் கிடைக்கும், சேலத்திலும் கிடைக்கும். பன்னிரண்டு வரிசைச் செயின் வழியில் அறுந்தால் பெங்களூருவுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும். ஊர் ஊராகச் சுற்ற நினைக்கிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒற்றைச் செயின் வீலோடு ஒன்பது அல்லது பத்து வரிசைக் கேசட். ஷிமானோவின் க்யூஸ் வகையில் ஒன்பது வரிசைக்கு 11 முதல் 46 பல் வரை கிடைக்கிறது. மைக்ரோஷிஃப்ட் நிறுவனத்தின் பத்து வரிசை அமைப்பில் 11 முதல் 48. முன்னால் 30 போட்டால் முறையே 0.65, 0.63. புதியவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

முன்னால் 30 போட்டால் சமதளத்தில் வேகம் குறைந்துவிடுமே என்று பயப்படுவார்கள். 29 அங்குல வண்டியில் 30க்கு 11 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 33 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. தடித்த டயர் மலைச் சைக்கிளில் சமதளத்தில் அந்த வேகத்தை அரை மணி நேரம் பிடிக்க முடிகிறவர் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை. இறக்கத்தில் மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாங்கும்போது இன்னொரு கேள்வி கேளுங்கள்: பின்னால் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா? ஃப்ரீவீல் என்பது பல்சக்கரங்களும் சுழலும் பொறியும் ஒன்றாகச் சேர்ந்து, சக்கரத்தின் நடுக்குடத்தில் மரையாகத் திருகப்பட்டிருப்பது. ஏழு வரிசை வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். கேசட்டில் சுழலும் பொறி குடத்தோடு இருக்கும். பல்சக்கரங்கள் மட்டும் அதன்மேல் செருகப்பட்டிருக்கும். பின்னாளில் ஏதாவது மாற்ற வேண்டும் என்று நினைத்தால், கேசட் உள்ள குடத்தில்தான் அதிக வழி திறந்திருக்கும். ஒரே விலையில் இரண்டு வண்டிகள் இருந்து, ஒன்றில் பளபளப்பான வண்ணமும் இன்னொன்றில் கேசட்டும் இருந்தால் கேசட் வண்டியை எடுங்கள்.

இருக்கிற வண்டியை இலகுவாக்க

24க்கு 28 கியரோடு திணறுகிறவர்களுக்கு முதல் வேலை ஃப்ரீவீலை மாற்றுவது. 14 முதல் 28 வரையிலான ஏழு வரிசை ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 14 முதல் 34 வரையிலானதைப் போட்டால் 0.86 என்பது 0.71 ஆகிவிடும். பொத்தானை மாற்ற வேண்டியதில்லை, சக்கரத்தைத் தொட வேண்டியதில்லை. இருப்பதிலேயே மலிவான மாற்றம் இது. ஒரு குறை உண்டு. இந்த ஃப்ரீவீலில் வரிசை 14, 16, 18, 20, 22, 24 என்று ஒழுங்காகப் போய், அடுத்தது நேராக 34. படிக்கட்டில் நடுவே ஒரு படி இல்லாததுபோலக் கால் தடுமாறும். கடைசிப் பல்லுக்கு மாற்றியவுடன் மிதி காற்றில் சுற்றுவதுபோல இருக்கும்; நாலைந்து சுற்றில் பழகிவிடும்.

மாற்றும் முன் பின் டெரெயிலர் 34 பல்லைத் தாங்குமா என்று பாருங்கள். ஒவ்வொரு டெரெயிலருக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, அது ஏறக்கூடிய மிகப் பெரிய பல்சக்கரம். மற்றொன்று, அது சுருட்டக்கூடிய செயினின் அளவு. இரண்டாவதைக் கணக்கிடுவது எளிது: முன்னால் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள், பின்னால் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள், இரண்டையும் கூட்டுங்கள். 42க்கும் 24க்கும் வித்தியாசம் 18, 34க்கும் 14க்கும் வித்தியாசம் 20, மொத்தம் 38. டெரெயிலரின் மாதிரி எண் உள்பக்கம் அச்சிடப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் விவரத்தாளில் இந்த இரண்டு எல்லைகளும் இருக்கும்.

அடுத்தது செயின் நீளம். இதைக் கவனிக்காமல் விட்டால் காசு நஷ்டம். பின்னால் பல் பெரிதானால் பழைய செயின் போதாது. போதாத செயினோடு தெரியாமல் முன்னாலும் பெரியது, பின்னாலும் பெரியது என்று மாற்றிவிட்டால் டெரெயிலர் முன்னோக்கி இழுபட்டு, அதைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் உலோகக் காது வளையும் அல்லது ஒடியும். சரிபார்க்கும் முறை இது: செயினை டெரெயிலருக்குள் விடாமல், முன்னால் பெரிய செயின் வீல்மேலும் பின்னால் பெரிய பல்சக்கரத்தின்மேலும் நேரடியாகச் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்துக்கு அப்பால் இரண்டு கண்ணி கூடுதலாக இருக்க வேண்டும். பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியென்றால், அது அமுங்கும்போது இன்னும் நீளம் தேவைப்படும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஃப்ரீவீல் மாற்றியும் போதவில்லையென்றால் முன்பக்கம். மலிவு வண்டிகளில் மூன்று செயின் வீல்களும் ஒன்றோடொன்று ஆணியறைந்து இணைக்கப்பட்டிருக்கும். சின்னதை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. கிராங்க் முழுவதையும், அதாவது மிதி மாட்டும் கைகளையும் செயின் வீல்களையும் சேர்த்து, மாற்றி 42, 32, 22 வாங்க வேண்டும். அப்போது கிராங்க் சுற்றும் நடு அச்சின் நீளமும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் சின்னச் செயின் வீல் சட்டகத்தில் உரசும். 0.71 என்பது 0.65 ஆகும். செலவைப் பார்த்தால் லாபம் சுமார்தான். ஆகவே இந்த வேலையைக் கிராங்க் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய நிலை வரும்போது செய்யுங்கள்.

ஒற்றைச் செயின் வீல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு முன்பக்கம்தான் எளிது. 32ஐ 30 ஆக்கினால் எல்லாக் கியரும் ஆறு சதவீதம் இலகுவாகும். 34ஐ 30 ஆக்கினால் கிட்டத்தட்டப் பன்னிரண்டு. வாங்கும் முன் செயின் வீலைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்களின் வட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 104 மில்லிமீட்டர் வட்டம் என்றால் வழக்கமான செயின் வீல் 32க்குக் கீழே போகாது. 30 பல்லுக்குத் தனி வடிவம் தேவை. நேரடியாகக் கிராங்கில் பொருந்தும் வகையென்றால் 28 வரைகூடத் தாராளமாகக் கிடைக்கும்.

ஏழு வரிசை ஃப்ரீவீல் வண்டியை முழுவதுமாக ஒற்றைச் செயின் வீலுக்கு மாற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மாற்றலாம். பின் சக்கரம் புதிது, கேசட் புதிது, டெரெயிலர், பொத்தான், செயின், கிராங்க் எல்லாம் புதிது. கூட்டிப் பார்த்தால் பழைய வண்டியின் விலையில் பெரும்பகுதி வந்து நிற்கும்; சட்டகமும் பிரேக்கும் மட்டும் பழையதாகவே இருக்கும். பெங்களூருவில் பழைய மலைச் சைக்கிள்கள் நல்ல நிலையில் நிறையக் கைமாறுகின்றன. வேலை மாறி ஊர் மாறுகிறவர்கள் அதிகம். பால்கனியில் நின்றபடியே தூசி படிந்த வண்டிகளும் அதிகம். உள்ளதை விற்றுவிட்டு அப்படி ஒன்றை வாங்குவது மேல்.

பழைய வண்டி வாங்கப் போகும்போது ஒரு அடி ஸ்கேலை எடுத்துப் போங்கள். செயினின் ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்து அளந்தால், பன்னிரண்டாவது அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி இருந்தால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் கேசட்டும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஏறும்போது

சரிவு தொடங்கும் முன்பே கியரை மாற்றுங்கள். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் பற்களின்மேல் கடகடவென்று ஏறி இறங்கும், சில நேரம் அறுந்தும் போகும். தவிர்க்க முடியாமல் ஏற்றத்தின் நடுவில் மாற்ற வேண்டி வந்தால், ஒரு மிதியை மட்டும் பலமாக அழுத்தி வண்டிக்குக் கொஞ்சம் வேகம் கொடுங்கள். அடுத்த அரைச் சுற்றில் காலைத் தளர்த்திப் பொத்தானை அழுத்துங்கள். மூன்று செயின் வீல் வண்டியில் முன்பக்கத்தை ஏற்றத்துக்குள் நுழைவதற்கு முன்பே சின்னதுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். முன்பக்க டெரெயிலர் பளுவின்கீழ் மாறுவதற்கு மிகவும் அடம்பிடிக்கும்.

செங்குத்தான மண் ஏற்றத்தில் இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். முழங்கையை மடக்கி மார்பைத் தாழ்த்துங்கள். பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும், எழுந்து நின்றால் பின்சக்கரம் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அது ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மாதிரி.

மாற்றங்கள் செய்து முடித்ததும் நேராக மலைக்குப் போகாதீர்கள். மேம்பாலத்தில் ஏறிப் பார்த்துத் திருப்தி அடைவதும் போதாது. அது மெல்லிய சரிவு, சீக்கிரம் முடிந்துவிடும். அடுக்ககத்தின் தரைத்தள வாகன நிறுத்தத்திலிருந்து வெளியே வரும் சரிவுப் பாதை இருக்கிறதே, அது நல்ல சோதனைக்கூடம். எட்டுக்கு ஒன்று என்ற அளவில் கட்டப்பட்டிருந்தாலே பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல். கார்கள் வராத மதிய நேரத்தில், காவலாளியிடம் சொல்லிவிட்டு நான்கைந்து முறை ஏறிப் பாருங்கள். கடைசிப் பல்லில் டெரெயிலரின் மேல் உருளை பல்சக்கரத்தில் இடித்துக் கரகரத்தால், டெரெயிலரின் பின்பக்கம் உள்ள இடைவெளித் திருகைச் சற்று உள்ளே முடுக்கி, இரண்டுக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் விடுங்கள். செயின் பெரிய பல்லையும் தாண்டிச் சக்கரக் கம்பிகள் பக்கம் சாயப் பார்த்தால் உடனே நிறுத்திவிட்டு, கீழ் எல்லையைக் கட்டுப்படுத்தும் திருகைச் சரிசெய்யுங்கள். அதைச் சரிசெய்யாமல் ஏற்றத்தில் மிதித்தால் டெரெயிலர் கம்பிகளுக்குள் சிக்கிச் சக்கரத்தோடு சுற்றிவிடும். புதிய கேபிள் போட்டிருந்தால் முதல் சில ஓட்டங்களிலேயே கொஞ்சம் தளரும். கியர் தயங்கத் தொடங்கும்போது பொத்தான் அருகில் உள்ள குமிழை அரைச் சுற்று இடப்பக்கம் திருப்பினால் சரியாகிவிடும்.